மேட்டில் கூவிய பெயர்

என் கணவன் ஹல்வோர் போன வசந்தத்தில் இறந்துவிட்டான். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவன் வேலை பார்த்த ஆஸ்லோ அகராதி அலுவலகத்திலிருந்து, இலையுதிர்காலத்தில் ஒரு பெண் வந்து அவனுடைய காகிதங்களைக் கேட்டாள். நல்ல பெண். நனைந்த காலணிகளை வாசலிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கொடுத்தேன். மற்ற சொற்களுக்கெல்லாம் ஒவ்வோர் உறை இருக்க, 'எத்தெர்லீசெ' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஒரு பெட்டி நிறையக் காகிதம் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல அப்போது வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காணாமல்போன ஆளையோ பொருளையோ தேடி ஊரறியச் சொல்வதுதான் அந்தச் சொல். காவல்துறை இன்றும் அதைத்தான் சொல்கிறது, வானொலியும். 'எத்தெர்' என்றால் பின்னால். 'லீசெ' என்றால் பலர் கேட்க அறிவிப்பது. போனதன் பின்னால் குரலை அனுப்புவது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சொற்களும் எங்கே, யார் வாயில் ஒட்டின என்று கண்டுபிடிக்க ஹல்வோர் பல ஆண்டுகள் அலைந்தான். எனக்கு அதில் வேறு கணக்கு இருக்கிறது. அப்பா சாவதற்கு முன் நான் ஒருமுறை வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் கூப்பிட்டார். போய்ச் சேர இரண்டு வாரம் இருந்தது. கப்பலுக்கு இரண்டு நாள் போதும்.

நான் பிறந்தது லவ்வேர் தீவில். பத்தொன்பது வீடுகள், ஒரு மீன் கிடங்கு, ஒரு தேவாலயம். பாதிரியார் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் படகில் வருவார். காற்று அடித்தால் அதுவும் இல்லை. 1950 கோடையில் ஹல்வோர் அங்கே வந்து இறங்கியபோது ஒரு சைக்கிளையும் கொண்டுவந்தான். தீவில் சாலையே கிடையாது. படகுத்துறையில் நின்றிருந்த எல்லோரும் அந்தச் சைக்கிளைப் பார்த்தார்கள்.

"இதை ஓட்டுறதுக்கா, இல்ல நங்கூரத்துக்கா?" என்று கேட்டார் அப்பா.

அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. ஹல்வோர் இரண்டு வாரம் எங்கள் வீட்டு மாடியில் தங்கினான். அப்பாவுக்குத் தெரிந்த சொற்களை எழுதி அவனுக்குக் கை வலித்தது. போகும்போது, குளிர்காலத்தில் நீங்களே சீட்டெழுதி அனுப்புங்கள் என்று அப்பாவிடம் ஒரு கட்டு வெற்றுச் சீட்டுகளைக் கொடுத்தான். உள்ளங்கை அகலச் சீட்டு. மேலே சொல். அடுத்து அதன் பொருள். அதற்குக் கீழே அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியம். கடைசி வரியில் ஊர், சொன்னவர் பெயர், வயது, ஆண்டு.

"வாக்கியத்தை நீங்களா கட்டக் கூடாது," என்றான் ஹல்வோர். "யாராவது உண்மையில வாயால சொன்னதா இருக்கணும்."

"சொல்லாததை எதுக்குய்யா எழுதப்போறேன்?" என்றார் அப்பா.

இந்த விதியை ஹல்வோர் நாடு முழுக்க இருநூறு பேருக்குச் சொல்லியிருந்தான். ஒருவரும் மதிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மாடு புல் தின்றது, மழை பெய்தது என்று எழுதி அனுப்பினார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். சொல் கிடைத்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள்.

அடுத்த கோடையிலும் ஹல்வோர் வந்தான். அப்போது சொற்களுக்காக மட்டும் வரவில்லை, எனக்காகவும்தான். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும்தான். படகில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து துடுப்புப் போடவும் வலையிழுக்கவும் நான்தான் ஆள்.

"பேனா பிடிக்கிற கையில சுக்கான் நிக்குமா?" என்றார் அப்பா.

"சுக்கான் பிடிக்க நீங்க இருக்கீங்க. எனக்குப் பேனா பிடிக்கிறவன் போதும்."

"அப்ப ஒண்ணு செய். போறதா இருந்தா சொல்லாம போ. சொன்னா நான் விடமாட்டேன்."

சொல்லாமல்தான் போனேன். செப்டம்பரில் பாதிரியார் வந்த ஒரு ஞாயிறு, அப்பா தேவாலயத்தில் இருந்த நேரத்தில், பக்கத்துத் தீவிலிருந்து வந்த படகில் ஏறிக் கப்பலைப் பிடித்தேன். படகு துறையைவிட்டு நகரும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. அப்பாவின் குரல் எப்போதும் மற்றவர்களைவிட அரை அடி முன்னால் போகும். அதை நன்றாகவே கேட்டேன்.

ஆஸ்லோவிலிருந்து இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் பிரிக்காமல் திரும்பி வந்தன.

ஆனால் சீட்டுகள் நிற்கவில்லை. மாதம் ஒரு கட்டு, அகராதி அலுவலகம் என்று முகவரியிட்டு வரும். ஹல்வோர் பெயர் இருக்காது. அகராதிக்குக் கொடுத்த வாக்கு வேறு, மருமகன் வேறு. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் ஹல்வோர் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். பாத்திரத்தை வழித்துக் காலி செய்வதற்கு எங்கள் தீவில் ஒரு சொல் உண்டு. அதற்கு அப்பா எழுதியிருந்த வாக்கியம்: 'நகரத்துப் பேனாக்காரன் என் காப்பிக் கெண்டியை வழித்துக் காலி செய்தான், பிறகு வீட்டையும்.'

"திட்டுறதுலகூட எவ்வளவு சுத்தம் பாரு," என்றான் ஹல்வோர். "ஊர், வயசு, ஆண்டு, எல்லாம் அதது இடத்துல இருக்கு. இன்னொண்ணுல 'யோருன் போட்ட முடிச்சை எலிகூட அவுத்துடும்'னு எழுதியிருக்காரு. உனக்கும் விழுது, பசுமாட்டுக்கும் விழுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கடிதத்தைப் பிரிக்காத கை, என் பெயரை ஊர் பேர் தெரியாத ஓர் அலுவலகத்துக்கு எழுதி அனுப்புகிறது.

"இனிமே அவர் எழுதினது எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"வார்த்தைகூடவா?"

"வார்த்தைகூட."

"சரி," என்றான். ஹல்வோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். ஆறு ஆண்டுகள் காப்பாற்றினான்.

1957 கோடையில் அவர்களுடைய வேலை இந்த வினைச்சொல்லுக்கு வந்து சேர்ந்தது. தலைமை ஆசிரியருக்கு அதைப் பற்றி முடிவான கருத்து இருந்தது. டென்மார்க் நம்மை ஆண்ட காலத்தில் அங்கிருந்து அதிகாரிகளின் காகிதத்தோடு வந்து இறங்கிய சொல் அது. நம் மக்கள் வாயில் முளைத்ததல்ல. ஹல்வோர் ஒத்துக்கொள்ளவில்லை. "காகிதம் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல யாரும் எதையும் தொலைக்கலையா?" என்று சாப்பாட்டு மேசையில் என்னிடம் சண்டை போட்டான், ஆசிரியரிடம் போட முடியாத சண்டையை. கடலோர ஊர்களில் நாற்பது பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பினான். அந்த நாற்பதில் அப்பாவும் இருந்தார். அது எனக்குத் தெரியாது.

அப்பா பதிலுக்கு மூன்று சீட்டு எழுதினார். அதை நான் பிறகு படித்தேன். ஆராதனை முடிந்தபின் ஆண்கள் தேவாலய மேட்டில் நிற்பார்கள். ஊர்க் காவலர் அங்கேதான் அரசாங்கச் செய்தியைப் படிப்பார். துடுப்பு தொலைந்தவன், ஆடு தொலைந்தவன் அங்கேதான் கல்லின் மேல் ஏறிக் கூவுவான். இதையெல்லாம் எழுதிவிட்டு, முறையையும் எழுதியிருந்தார்: தொலைத்தவனே கூவ வேண்டும், அடுத்தவன் வாயால் கூவக் கூடாது, தொலைத்த ஊரில், மூன்று ஆராதனை ஞாயிறு கூவ வேண்டும். எடுத்தவன் 'என்கிட்ட இருக்கு' என்று பதில் சொல்வான். மூன்றாவதிலும் பதில் இல்லையென்றால் இறங்கி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதன்பின் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

நான்காவது சீட்டு அக்டோபர் நடுவில் தனியாக வந்தது.

அன்று மாலை ஹல்வோர் கோட்டைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றான். நான் உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"யோருன், இன்னிக்கு லவ்வேர்லருந்து ஒரு சீட்டு வந்துது."

கத்தியை நிறுத்தினேன். "வார்த்தையைப் பத்தியா, மனுஷனைப் பத்தியா?"

அவன் யோசித்தான். அவன் யோசித்ததை நான் பார்த்தேன். பொய் சொல்லாதவன் யோசிப்பது போலத்தான் யோசித்தான்.

"வார்த்தையைப் பத்தி," என்றான்.

"அப்ப ஆபீஸ்லயே இருக்கட்டும்."

கோட்டைக் கழற்றப் போனான். கொஞ்ச நேரம் கழித்து, "ஹெர்ரிங் மீன் வாங்கினியா?" என்று கேட்டான். வாங்கியிருந்தேன். சாப்பிட்டோம்.

ஜனவரியில் தந்தி வந்தது. அப்பா இறந்துவிட்டார், வெள்ளிக்கிழமை அடக்கம் என்று பக்கத்து வீட்டு செவெரினெ அனுப்பியிருந்தாள். ஹல்வோர் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். காற்றில் கப்பல் ஒரு நாள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. நான் போய் இறங்கியபோது குழிக்கு மேல் மண் போட்டிருந்தார்கள். உறைந்த மண், கட்டி கட்டியாக. எங்கள் வீடு பூட்டியிருந்தது. செவெரினெ வீட்டுச் சமையலறையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியா," என்றாள் செவெரினெ. கையில் கெண்டி. "மகாராணிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"காத்து, செவெரினெ. கப்பல் நின்னுடுச்சு."

"ஜனவரில காத்து இருக்கும். செப்டம்பர்ல இருந்துதா? அக்டோபர்ல இருந்துதா? மூணு தடவை கூப்பிட்டாரு மனுஷன். காது அடைச்சுப்போச்சா உனக்கு?"

என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கெண்டியைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னாள். செப்டம்பரில், நான் போனதுபோலவே பாதிரியார் வந்த ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அப்பா கல்லின் மேல் ஏறினார். எழுபத்தொரு வயது, ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. தொப்பியைக் கழற்றினார்.

"துடுப்புதான் தொலைஞ்சுபோச்சுன்னு நெனச்சோம்," என்றாள். "'என் பொண்ணு யோருனைக் காணோம். ஆறு வருஷமாச்சு. தொலைச்சது நான்தான். இருக்கிற இடம் தெரிஞ்சவங்க சொல்லுங்க'ன்னாரு. மீன் கிடங்கு பெடெர் சிரிச்சுட்டான். 'ஆஸ்லோவுல இருக்கா, ஊருக்கே தெரியுமே, அன்ஃபின், இதுக்கு எதுக்குக் கல்லு மேல ஏறுற?'ன்னான். உங்கப்பா அவனைத் திரும்பிப் பாக்கக்கூட இல்ல. எறங்கி வீட்டுக்குப் போயிட்டாரு. அடுத்த தடவை பாதிரியார் வந்த ஞாயித்துக்கிழமை யாரும் சிரிக்கல."

"எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"ரெண்டு கடுதாசியத் திருப்பி அனுப்பினவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு எழுதுவான்? நானும் கேட்டேன். 'இங்க கூவினா ஆஸ்லோவுல கேக்குமா, அன்ஃபின்?'னேன். 'அதுக்கு வழி இருக்கு. அந்தப் பேனாக்காரன் ஆபீஸுக்கு எழுதிட்டேன். இந்த நாட்டுலயே எதுவும் தொலையாத எடம் அது ஒண்ணுதான்'னாரு. மூணாவது ஞாயிறு புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. கூவிட்டுத் துறைப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு. பாதிரியார் படகு கிளம்பற வரைக்கும் நின்னாரு. அப்புறம் உன் பேரை எடுக்கல. நானா எடுத்தாலும், 'அது முடிஞ்சுபோச்சு, செவெரினெ'ம்பாரு."

யாரோ என் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். குடித்தேன் என்று நினைக்கிறேன்.

ஆஸ்லோவில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக அகராதி அலுவலகத்துக்குப் போனேன். ஹல்வோர் எழுந்து என் பையை வாங்க வந்தான்.

"அக்டோபர்ல வந்த சீட்டை எடு," என்றேன்.

எந்தச் சீட்டு என்று அவன் கேட்கவில்லை. சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒன்றைத் திறந்து, தேடாமலே எடுத்தான். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. மேலே அந்த வினைச்சொல். பொருள். பிறகு வாக்கியம்:

'யோருனைத் தேடி அன்ஃபின் மேட்டில் இரண்டு ஞாயிறு கூவிவிட்டான், இன்னும் ஒன்று இருக்கிறது.'

கீழே: லவ்வேர். சொன்னவர்: நானே. 71. 1957.

வினைச்சொல்லுக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு. ஓரத்தில் ஹல்வோரின் கையெழுத்தில், 'மிகச் சிறப்பு. மேட்டில் வழங்கியதற்கு நேரடிச் சான்று.'

"படிச்சியா?"

"படிச்சேன். நாலஞ்சு தடவை படிச்சேன். ஆசிரியர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டினேன்."

"என் பேரு இருக்கு."

"எல்லாச் சீட்டுலயும் இருக்கும், யோருன். உன் பேரு, பசு பேரு, பெடெர் பேரு. அவர் கிண்டல் பண்றாருன்னு நெனச்சேன். நானே ஒரு கேள்வி கேட்டேன், அதுக்கு உதாரணம் கட்டியிருக்காருன்னு நெனச்சேன்."

"கட்டக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

"யாரும் கேக்கறதில்ல. ஒருத்தர்கூட."

"அவர் கேட்டாரு." சீட்டின் கடைசிச் சொற்களின் மேல் விரலை வைத்தேன். "'இன்னும் ஒன்று இருக்கிறது'ங்கிறாரே. இது என்னன்னு நெனச்ச?"

பக்கத்து மேசையில் ஒருவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

"வாக்கியம் நல்லா முடிஞ்சிருக்குன்னு நெனச்சேன்," என்றான் ஹல்வோர்.

அவனை விட்டுப் போய்விடலாம் என்று அந்தக் குளிர்காலத்தில் பலமுறை நினைத்தேன். எங்கே போவது என்பது ஒன்று. இன்னொன்று, அந்தச் சீட்டு அலுவலகத்திலேயே இருக்கட்டும் என்றது என் வாய். கோபம் வரும்போதெல்லாம் அவன் மேல் பாதிதான் விழுந்தது. அவனும் ஒருமுறைகூட, நீதானே சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஒரு நாள் அந்தச் சீட்டை உள்பையில் மறைத்து வீட்டுக்கு எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். அலுவலகத்திலிருந்து ஒரு காகிதமும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அதுவரை ஒரு பென்சில்கூட அவன் எடுத்துவந்ததில்லை. "இது உன்னோடது," என்றான். ஒரு வாரம் வைத்திருந்தேன். பிறகு திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். அப்பா அதை அங்கே வைக்கச் சொல்லித்தான் அனுப்பினார்.

அந்த வினைச்சொல்லை ஹல்வோர் யாரிடமும் கொடுக்கவில்லை. எட்டு ஆண்டுகள். கோடை விடுமுறையெல்லாம் பழைய நீதிமன்றப் பதிவுகளிலும் தேவாலயக் குறிப்புகளிலும் கழிந்தது. கடைசியில் அவன் எழுதியது, ஆசிரியர் சொன்னதும் இல்லை, அவன் முதலில் நம்பியதும் இல்லை. இரண்டு சொற்களும் மேட்டில் தனித்தனியாக வழங்கியிருக்கலாம், காகிதத்தில் ஒட்டியிருக்கலாம், ஒட்டிய பிறகு மறுபடி மேட்டுக்கு வந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல இடமில்லை. இதை எழுத எட்டு ஆண்டா என்று ஆசிரியர் கேட்டாராம். ஆமாம் என்றானாம்.

1966இல் அந்தத் தொகுதி அச்சுக்குப் போனது. புரூஃப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் படியைச் சத்தமாகப் படிப்பார், காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட. மற்றவர் அச்சுத் தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவார்; ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'சரி' சொன்ன பிறகுதான் அடுத்தது. ஹல்வோரோடு படிப்பவருக்கு உடம்பு சரியில்லை. தாள்களை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி வாங்கியிருந்தான்.

"நீ வேணாம்னா வேற ஆளைப் பாக்கறேன்," என்றான். "அந்தச் சொல்லும் இதுல வருது."

"படி," என்றேன்.

ஞாயிறு காலை. மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவன் ஆஸ்லோக்காரன், கடற்கரைச் சொற்களை ஆஸ்லோ வாயால்தான் படிப்பான், அவசரமில்லாமல், ஒரே சுருதியில். நான் சரி, சரி என்று வந்தேன். பத்துப் பதினைந்து சொற்கள் போயின. பிறகு அது வந்தது. சொல், புள்ளி. பொருள், புள்ளி. வரலாறு. அப்புறம் எடுத்துக்காட்டு.

அச்சுத் தாளில் நான் முன்னாலேயே பார்த்துவிட்டேன். சீட்டில் வரும் ஆட்பெயர்களை முதலெழுத்தாகச் சுருக்குவதுதான் அவர்கள் வழக்கம். இங்கே சுருக்கவில்லை. அதற்காக எவ்வளவு சண்டை போட்டான் என்று எனக்குத் தெரியாது.

"யோருனைத் தேடி அன்ஃபின் மேட்டில் இரண்டு ஞாயிறு கூவிவிட்டான், காற்புள்ளி, இன்னும் ஒன்று இருக்கிறது, முற்றுப்புள்ளி," என்று படித்தான் ஹல்வோர்.

நிறுத்தினான். நான் சொல்ல வேண்டும். சொல்லாமல் அவன் போக முடியாது. தாளில் எழுத்துகள் எல்லாம் இடத்தில் இருந்தன. ஒரு பிழையும் இல்லை. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் அந்த வரியிலேயே இருந்தது. அவசரப்படுத்தவும் இல்லை.

"சரி," என்றேன்.

அவன் அப்போதும் படிக்கவில்லை.

"அடுத்தது படி, ஹல்வோர்."

மூக்கைத் துடைத்துக்கொண்டான். அடுத்த சொல், சாப்பாட்டுக்குப் பிறகு உண்ணும் இனிப்பு. அதற்கு நான்கு எடுத்துக்காட்டுகள் இருந்தன. ஒன்றும் லவ்வேரிலிருந்து வந்ததில்லை. மூன்றாவதில் ஓர் எழுத்து தலைகீழாக அச்சாகியிருந்தது. சொன்னேன். அவன் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.